கணவாய் கடக்கும் முன் கைடிடம் சொல்ல வேண்டியவை

மே மாதம் பிறந்தால் போதும், ஹம்ப்டா கணவாய் பற்றிய கேள்விகள் எனக்கு வரத் தொடங்கிவிடும். எந்த ஷூ வாங்குவது, ஜாக்கெட் எத்தனை வேண்டும், பனி இருக்குமா, போனுக்கு சார்ஜ் போட முடியுமா. எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: "உங்களைக் கூட்டிக்கொண்டு போகிற கைடு யார்?" கம்பெனியின் பெயர் உடனே வரும். புறப்படும் தேதி, கட்டிய தொகை எல்லாம் வரும். கைடு யார் என்பது மட்டும் தெரிந்திருக்காது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை.

வழிகாட்டியோடு போகிற மலைப்பயணத்தில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது டென்ட்டும் சாப்பாடும் மட்டும் அல்ல. மலையில் எடுக்க வேண்டிய முடிவுகளை இன்னொருவர் கையில் ஒப்படைக்கிறீர்கள். இன்று நடப்பதா, தங்குவதா, யார் மேலே போகலாம், யார் இறங்க வேண்டும் என்பதையெல்லாம் அவர்தான் சொல்லப்போகிறார். ஆகவே உங்கள் பாதுகாப்பு இரண்டு காரியங்களில் இருக்கிறது. ஒப்படைக்கிற கை நல்ல கையாக இருக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு உங்கள் உடம்பைப் பற்றி அவரிடம் எதையும் மறைக்கக் கூடாது. ஷூவும் ஜாக்கெட்டும் இதற்குப் பிறகுதான்.

பாதை எப்படிப்பட்டது

இமாசலப் பிரதேசத்தில் பீர் பஞ்சால் மலைத்தொடர் ஒருபக்கம் குலு பள்ளத்தாக்கையும் மறுபக்கம் லாஹௌலையும் வைத்துக்கொண்டு குறுக்கே நிற்கிறது. அதை நடந்தே கடக்கிற வழிகளில் ஒன்று ஹம்ப்டா கணவாய். உயரம் 14,000 அடிக்குச் சற்று மேல். கத்தி என்று அழைக்கப்படும் மலை இடையர்கள் கோடையில் ஆடுகளை லாஹௌல் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகும் தடம் அது.

வழக்கமான பயணத்திட்டம் இதுதான். மணாலியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் வண்டியில் ஜோப்ரா. அங்கிருந்து தேவதாரு மரங்களுக்கிடையே கொஞ்ச தூரம் நடந்தால் சீக்கா, முதல் இரவு. மறுநாள் ராணி நாலா என்ற ஓடையை ஒட்டியே ஏறி பாலு கா கேரா. மூன்றாம் நாள் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி ஷியா கோரு. நான்காம் நாள் சத்ரு, அங்கிருந்து வண்டியில் சந்திரதால் ஏரி. ஐந்தாம் நாள் மணாலி.

பாலு கா கேராவில் காலையில் நீங்கள் விட்டுவரும் பள்ளத்தாக்கு பச்சைப்பசேல் என்று இருக்கும், ஜூலையில் பூவாகவும் இருக்கும். மாலையில் போய் இறங்கும் இடத்தில் புல் தேடித்தான் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை மேகங்களைப் பீர் பஞ்சால் தடுத்துவிடுவதால் லாஹௌல் மழைமறைவுப் பிரதேசம், மண்ணும் பாறையும்தான். ஒரே பகலில் இவ்வளவு மாற்றத்தைக் காட்டுகிற பாதைகள் குறைவு. கணவாயில் நிற்கும்போது மேகம் விலகினால் 6,221 மீட்டர் உயர இந்திராசன் சிகரம் தெரியும். இதற்காகவே போகலாம் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் கணவாய் கடக்கும் பயணத்துக்கும் உச்சிக்கு ஏறித் திரும்பும் பயணத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வெள்ளியங்கிரி ஏறுகிறீர்கள், ஐந்தாவது மலையில் முடியவில்லை என்றால் வந்த வழியே இறங்கிவிடலாம். ஹம்ப்டாவில் உச்சியைத் தாண்டிய பிறகு உடம்பு படுத்தினால், திரும்புவதற்கு மறுபடியும் 14,000 அடி ஏற வேண்டும். முன்னால் ஷியா கோரு, அதற்கு அப்பால்தான் சாலை. ஆகவே திரும்புவதா என்ற முடிவை எடுக்க வேண்டிய இடம் கணவாய் அல்ல. முந்தைய நாள் மாலை, பாலு கா கேரா டென்ட்தான். அங்கிருந்து ஜோப்ராவுக்கு ஒரே நாளில் இறங்கிவிடலாம்.

உயரம் என்ன செய்யும்

முதல் பயணத்துக்கு வருகிறவர்கள் குளிருக்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது உயரத்துக்கு. 14,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாள் கொடுக்க வேண்டும். பத்தாயிரம் அடிக்கு மேல் போன பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 1,600 அடிக்கு மேல், கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் விதி.

இந்த விதியை ஹம்ப்டாவில் வைத்துப் பாருங்கள். மணாலி சுமார் 6,700 அடி. சீக்கா 10,000 அடியைத் தாண்டிவிடும். பாலு கா கேரா 12,000 அடியை நெருங்கும். ஷியா கோரு அதற்கும் ஓராயிரம் அடி மேல். பாலு கா கேரா, ஷியா கோரு இரண்டு இரவுகளும் விதிக்கு அருகிலேயே போகின்றன. முதல் நாள்தான் பெரிய தாவல். சென்னையில் மதியம் விமானம் ஏறி, டெல்லியில் இறங்கி, ராத்திரி பஸ் பிடித்து, 530 கிலோமீட்டர் வளைவுகளில் தூங்காமல் வந்து, காலையில் மணாலியில் பல் துலக்கிவிட்டு நேரே ஜோப்ராவுக்கு வண்டி ஏறுகிறார்கள். முந்தின நாள் கடல் மட்டத்தில் இருந்த உடம்பு, மறுநாள் ராத்திரி பத்தாயிரம் அடியில் படுக்கிறது. பெரும்பாலான தலைவலிகளுக்குக் காரணம் இதுதான்.

மணாலியில் ஒரு முழு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள், முடிந்தால் இரண்டு. அறையில் படுத்தே கிடக்காமல் வசிஷ்ட் கிராமத்திலிருந்து ஜோகினி அருவி வரை ஏறி இறங்குங்கள். இந்த ஒரு நாளுக்கு ஆகும் அறை வாடகை, நீங்கள் வாங்கும் எந்த ஜாக்கெட்டையும் விடப் பயனுள்ள செலவு.

உயர நோய் எட்டாயிரம் அடிக்கு மேல் யாருக்கும் வரலாம். ஜிம்முக்குப் போகிற 25 வயதுப் பையனுக்கு வரும், பக்கத்தில் நடக்கும் 55 வயது அம்மாவுக்கு வராமல் போகும். உடல் வலிமை அதற்குத் தடுப்பு இல்லை. சொல்லப்போனால் வலிமையுள்ள இளைஞர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அறிகுறிகள் சாதாரணமாகத்தான் தொடங்கும்: தலைவலி, பசியின்மை, குமட்டல், அசதி, தலைசுற்றல், தூக்கமின்மை. தலைவலியோடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலே உயர நோய் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும், வேறு காரணம் நிச்சயமாகத் தெரிகிற வரைக்கும். இந்த நிலையில் மேலே போகாமல் அதே உயரத்தில் தங்கி, தண்ணீரும் ஓய்வும் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு நாளில் தெளிந்துவிடும்.

தெளியாமல் முற்றினால் இரண்டு வழிகளில் முற்றும். ஒன்று மூளையில் நீர் கோப்பது. நடை தள்ளாடும், பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும் அல்லது ஆள் ஒடுங்கிப்போவார். தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள் கைடுகள். நேராக நடக்க முடியவில்லை என்றால் தாமதிக்கக் கூடாது. இன்னொன்று நுரையீரலில் நீர் கோப்பது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் நிற்காது, படுக்க முடியாது, சளியில் இளஞ்சிவப்பு நுரை வரலாம். இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவதுதான். நள்ளிரவானாலும் இறங்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரும் ஊசி மருந்தும் இறங்குவதற்கு நேரம் வாங்கித் தரும், இறங்குவதற்குப் பதிலாக ஆகாது.

டயமாக்ஸ் மாத்திரை போடலாமா என்று கேட்கிறார்கள். அசெட்டசோலமைடு என்பது அதன் மருந்துப் பெயர். உடம்பு உயரத்துக்குப் பழகுவதை வேகப்படுத்தும், நோயை மறைப்பதில்லை. தடுப்புக்காக 125 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து என்பது பொதுவாகக் கொடுக்கப்படும் அளவு. விரல் நுனிகள் மரமரக்கும், சிறுநீர் அடிக்கடி வரும். அதற்குப் பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தாங்களாகப் போட்டுக்கொள்ளவே கூடாது. ஊரிலேயே டாக்டரைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள். முகாமில் ராத்திரி குளிருக்கு என்று மது குடிப்பதும், தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை போடுவதும் மூச்சை மட்டுப்படுத்தும். அங்கே அது விளையாட்டல்ல.

மறைக்காதீர்கள்

பாலு கா கேராவில் மாலை ஐந்து மணிக்குச் சூப் வரும். நல்ல கைடு அந்த நேரத்தில் சாப்பாட்டு டென்ட்டின் வாசலில் நிற்பார். யார் வந்தார்கள் என்று பார்ப்பதை விட, யார் வரவில்லை என்று பார்ப்பார். "பசிக்கல, தூங்கறேன்" என்று ஸ்லீப்பிங் பேக்குக்குள் சுருண்டுகொண்டவரைத் தேடிப் போய் எழுப்பி, வெளியே கூட்டிவந்து, நாலு அடி நடக்கவிட்டு, கண்ணைப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பார். அந்தக் கேள்விகளுக்கு நம் ஆட்கள் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்."

ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆபீசில் கெஞ்சி லீவு வாங்கியிருக்கிறோம். நண்பர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டோம். என்னால் குழு நின்றுவிடக் கூடாதே என்ற கூச்சம் வேறு. ஆனால் அந்தப் பொய் கைடின் கண்ணைக் கட்டிவிடுகிறது. அவருக்கு உங்கள் நேற்றைய நிலை தெரியாது, வீட்டில் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்பதும் தெரியாது. நீங்கள் சொல்வதை வைத்துத்தான் மறுநாள் காலை உங்களை ஏற்றுவார். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டும் எண் ஒரு துணைக்குத்தான். குளிரில் விறைத்த விரலில் அது தப்பாகவும் காட்டும். எண் நன்றாக இருக்கிறது என்று தலைவலியை மறைத்துவிடாதீர்கள்.

மொழியும் ஒரு தடை. குழுத்தலைவருக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் பாதையில் உங்கள் பின்னால் கடைசியாக வருகிற உள்ளூர் கைடுக்குப் பெரும்பாலும் இந்திதான். ஐந்து சொற்களைப் பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். தலைவலிக்கு "ஸிர் தர்த்". தலைசுற்றலுக்கு "சக்கர்". வாந்திக்கு "உல்டி". மூச்சுக்கு "ஸான்ஸ்", கையை நெஞ்சில் வைத்துச் சொன்னால் போதும். "தீரே" என்றால் மெதுவாக. இலக்கணம் எல்லாம் வேண்டாம், அவருக்கு விளங்கிவிடும். தலைவலி மாத்திரை போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். போட்ட பிறகு வலி அடங்கிவிடும், அவருக்கு ஒரு தடயம் போய்விடும்.

புறப்படும் முன் தரும் மருத்துவப் படிவத்திலும் இதே நேர்மை வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, ரத்தசோகை, முன்பு செய்த அறுவைச் சிகிச்சை எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று வரிசையாக டிக் அடித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. இவை இருந்தால் போகவே முடியாது என்பதில்லை. சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரிடம் பேசித் திட்டமிட்டுக்கொண்டு போகிறார்கள்; இன்சுலின் உறைந்துவிடாமல் ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்துமா உள்ளவரின் இன்ஹேலர் எந்தப் பையில், எந்த ஜிப்பில் இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போவதுதான் ஆபத்து.

யாரோடு போவது

பணம் கட்டும் முன் போன் செய்து சில கேள்விகள் கேளுங்கள். எங்கள் குழுவை யார் நடத்துகிறார், இந்தப் பாதையில் அவர் இதற்கு முன் எந்த மாதங்களில் போயிருக்கிறார்? மணாலியில் உள்ள அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனம், உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனம் போன்ற இடங்களில் பயிற்சி முடித்தவரா? முதலுதவிப் பயிற்சி உண்டா? எத்தனை பேருக்கு ஒரு கைடு? ஆக்சிஜன் சிலிண்டர் எந்த முகாமில் இருக்கும், நம்மோடு கணவாய்க்கு வருமா? ஷியா கோருவில் ராத்திரி ஒருவருக்கு முடியாமல் போனால் எப்படி இறக்குவீர்கள்?

இந்தக் கடைசிக் கேள்விதான் அளவுகோல். யார் தூக்குவார்கள், எவ்வளவு நேரம் ஆகும், சத்ருவில் வண்டி எப்படி வரும், தகவல் எப்படிப் போகும் என்று படிப்படியாகச் சொன்னால் யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்றால் போனை வைத்துவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். ஜோப்ராவைத் தாண்டிய பிறகு போன் சிக்னலை நம்ப முடியாது. சாட்டிலைட் போனும் அதைப் போன்ற கருவிகளும் இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருந்தால் சட்டப்படி குற்றம்; நீங்களாக வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில், மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். குழு எந்த வழியில் போகிறது, யாருடைய அனுமதியில் போகிறது என்பது வெறும் காகித விஷயம் அல்ல என்று நாம் அன்று கற்றுக்கொண்டோம். எங்கே யார் இருக்கிறார்கள் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தால்தான் தேடி வர முடியும்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரே வரி: வழக்கமான மருத்துவக் காப்பீடுகள் பலவற்றில் சாகசப் பயணங்கள் விலக்கப்பட்டிருக்கும். எந்த உயரம் வரை செல்லுபடியாகும், மீட்பு ஹெலிகாப்டர் செலவு சேருமா என்று எழுத்தில் வாங்குங்கள். அதே போனில், சமையல்காரருக்கும் கோவேறு கழுதை ஓட்டுபவருக்கும் இன்ஷூரன்ஸ் உண்டா என்றும் கேளுங்கள். தங்கள் ஆட்களைக் கவனிக்காத கம்பெனி உங்களைக் கவனிக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

காலும் தோளும்

உடற்பயிற்சிக்கு இரண்டு மாதம் வேண்டும். ஐந்து கிலோமீட்டரை 35 நிமிடத்துக்குள் ஓட முடிந்தால் மூச்சு ஓரளவு தயார் என்று பல குழுக்கள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. அது சரியான தொடக்கம்தான். ஆனால் சமதரையில் ஓடிப் பழகிய சென்னைக்காரர்கள் ஹம்ப்டாவில் திணறுவது ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில். கணவாயிலிருந்து ஷியா கோரு இறங்கும் சரிவு செங்குத்தானது. சறுக்குகிற சரளைக்கல், ஜூனில் பனி. அதற்குள் ஆறேழு மணி நேரம் நடந்து முடித்திருப்பீர்கள். தொடையின் முன்தசை துவண்டால் முழங்கால் எல்லாப் பாரத்தையும் வாங்கும்.

அதற்குப் பயிற்சி மாடிப்படிதான். முதுகுப் பையில் ஏழெட்டுக் கிலோ எடை, தண்ணீர் பாட்டிலோ அரிசிப் பையோ போட்டுக்கொண்டு அடுக்குமாடியில் ஏறுங்கள். லிஃப்ட்டில் இறங்காதீர்கள், மெதுவாக, கால் அதிராமல் இறங்குங்கள். வார இறுதியில் பர்வதமலையோ கொல்லிமலையின் ஆகாய கங்கைப் படிகளோ நல்ல பழக்கம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் வனத்துறை அனுமதியோடும் வழிகாட்டியோடும் போகும் 40 பாதைகள் உண்டு. ஷூவைப் புதிதாக வாங்கினால் இந்த நடைகளில் போட்டுப் பழக்குங்கள். கணுக்காலைப் பிடிக்கிற உயரம், தடித்த சாக்ஸ் போட்ட பிறகும் விரல் முன்னால் இடிக்காத அளவு. புறப்படும் முன் கால் நகத்தை வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் நகம் கறுத்துப் போவது இந்தச் சின்ன விஷயத்தை விட்டுவிடுவதால்தான்.

துணியில் ஒரே சட்டம்: பருத்தி வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு உயிர் கொடுக்கிற துணி, அங்கே வியர்வையில் நனைந்து காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சும். சீக்கிரம் காயும் பனியன், அதன் மேல் ஃப்ளீஸ், அதன் மேல் பஞ்சு அல்லது இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் மழைக் கோட்டு. நடக்கும்போது கழற்று, நின்றதும் போடு. பெரிய ஜாக்கெட், கைத்தடி, பனியில் ஷூவுக்கு மேல் கட்டும் கெய்ட்டர் எல்லாம் மணாலியில் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு பயணத்துக்காக வாங்கிக் குவிக்க வேண்டாம். கறுப்புக் கண்ணாடி மட்டும் நல்லதாகச் சொந்தமாக வேண்டும். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் சில மணி நேரத்தில் கண்ணைப் புண்ணாக்கிவிடும்.

பெரிய பையைக் கோவேறு கழுதையில் ஏற்றிவிடலாம், தனிக் கட்டணம். முதல் முறை என்றால் ஏற்றிவிடுங்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் கழுதைகள் உங்களோடு நடப்பதில்லை. முன்னால் போய்விடும், சில நாள் பின்தங்கும். ஆகவே மழைக் கோட்டு, ஒரு கம்பளி அடுக்கு, டார்ச், மருந்து, தண்ணீர், மதியச் சாப்பாடு ஆகியவை எப்போதும் உங்கள் முதுகில்தான் இருக்க வேண்டும். கணவாயில் காற்று கிளம்பும்போது ஜாக்கெட் முகாமில் இருந்து பிரயோசனமில்லை.

சாப்பாடு ராஜ்மா, பருப்பு, சோறு, ரொட்டி, கிச்சடி. சூடாக, போதுமான அளவு வரும். உயரத்தில் நாக்கு செத்துவிடும் என்பதால் கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோனால் இரண்டு கவளம் கூட இறங்கும். பையின் பக்க ஜேபியில் கோவில்பட்டி கடலை மிட்டாய் இருக்கட்டும். தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று லிட்டருக்குக் குறையக் கூடாது. கழிப்பறை டென்ட்டுக்குப் போக வேண்டுமே என்று, குறிப்பாகப் பெண்கள், தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். தலைவலியில் கொண்டுபோய் விடும். மாதவிடாய் உயரத்தில் முன்பின்னாக வரலாம். நாப்கின்களும் உபயோகித்ததைத் திருப்பி எடுத்துவர இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பைகளும் கணக்குப் பார்க்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் புதைப்பதும் எரிப்பதும் கூடாது.

ஷியா கோரு ஓடை

கணவாய்க்கு அடுத்த நாள் காலை இந்த ஓடையைக் கடக்க வேண்டும். பனி உருகிய தண்ணீர். பகல் வெயிலில் உருகுவது மாலையில் வந்து சேரும் என்பதால் விடிகாலையில்தான் மட்டம் குறைவாக இருக்கும். கைடு ஆறு மணிக்கே விரட்டுவது அதற்காகத்தான். ஷூவைக் கழற்றிப் பையில் கட்டுங்கள், பின்பட்டை உள்ள செருப்பைப் போடுங்கள். வெறுங்காலோடு இறங்காதீர்கள், அடியில் கல் உருளும். பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும். நீரோட்டம் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு, கை கோத்து, பக்கவாட்டில் சின்னச் சின்ன அடியாக நகருங்கள். ஐந்தாறு அடியிலேயே பாதம் மரத்துவிடும், தரை எங்கே என்று தெரியாது. அப்போது அவசரப்பட்டுத் தாவுகிறவர்கள்தான் விழுகிறார்கள். அக்கரையில் முதல் வேலை துண்டால் விரல் இடுக்குவரை துடைத்து, காய்ந்த கம்பளி சாக்ஸ் போடுவது. போட்டோ அதற்குப் பிறகு.

வானிலையும் டிக்கெட்டும்

2023 ஜூலையில் இமாசலத்தில் பெய்த பெருமழையில் சந்திரதாலில் ஏறத்தாழ 300 பேர் நாள்கணக்கில் சிக்கி, பனி அகற்றிய பிறகே மீட்கப்பட்டார்கள். 2018 செப்டம்பர் பிற்பகுதியில் எதிர்பாராத பனிப்பொழிவில் லாஹௌல்-ஸ்பிதியில் நூற்றுக்கணக்கானோர் மாட்டிக்கொண்டார்கள். 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்த்ரதால் பாதையில் பனிப்புயலில் அகப்பட்டு, கர்நாடகத்திலிருந்து சென்ற குழுவில் 9 பேர் இறந்தார்கள். அதுவும் 14,000 அடிக்கு அருகில்தான், அதுவும் வழிகாட்டியோடு போன குழுதான். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த உயரத்தில் வானம் அரை மணி நேரத்தில் மாறும், மாறினால் நின்றுவிடவோ திரும்பவோ நேரம் கையில் இருக்க வேண்டும்.

அந்த நேரத்தைப் பறிப்பது பெரும்பாலும் திரும்பும் டிக்கெட். சனிக்கிழமை மணாலி, ஞாயிறு டெல்லி, ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் என்று நூல் பிடித்தாற்போல் போட்டுவிட்டு வருகிறார்கள். மழை பிடித்துக்கொண்ட பாலு கா கேராவில் கைடு "ஒரு நாள் பார்ப்போம்" என்றால், பத்துப் பேர் டிக்கெட்டைக் காட்டி வாதாடுகிறார்கள். கைடும் மனிதர்தான், வாடிக்கையாளர் விமர்சனத்தில் பிழைப்பவர். அவரை அந்த நெருக்கடியில் நிறுத்தாதீர்கள். திட்டத்தில் ஒரு நாள் உபரியாக வைத்து, அதற்கு அடுத்த நாளுக்கு டிக்கெட் எடுங்கள். மலை நல்லபடியாக இருந்தால் அந்த நாளில் மணாலியைச் சுற்றிப் பார்க்கலாம். சத்ரு-சந்திரதால் சாலை மழையில் அடைபட்டால் ஏரியை விட்டுவிட்டு, 2020-இல் திறந்த அடல் சுரங்கப்பாதை வழியாக மணாலிக்கு வந்துவிடுவது நல்லது. அதற்காகப் பணம் திரும்பக் கேட்டுச் சண்டை போடாதீர்கள்.

எந்த மாதம் என்று கேட்டால் என் பதில் இது. பனியில் நடக்க ஆசை, கைத்தடி பிடித்துப் பழகியிருக்கிறீர்கள் என்றால் ஜூன் கடைசி. பூவும் பச்சையும் வேண்டும், நனைவது பரவாயில்லை என்றால் ஜூலை கடைசி, ஆனால் மழைக்கு இரண்டு உபரி நாள் வையுங்கள். முதல் முறை இமயமலைக்குப் போகிறவர்களுக்கும், குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் செப்டம்பர் முதல் பாதி. மழை ஓயத் தொடங்கியிருக்கும், கணவாயில் பனி அவ்வளவாக இருக்காது, ஓடையும் தணிந்திருக்கும். செப்டம்பருக்குப் போவதாக இருந்தால் இந்த வாரமே இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். கம்பெனிக்குப் போன் போட்டு கைடின் பெயரைக் கேளுங்கள். மருத்துவப் படிவத்தை வாங்கி, உங்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்து உள்ளது உள்ளபடி நிரப்புங்கள்.